கொடி எல்லையில் இருந்த கல்வட்டம்

அண்ணே,

இன்று காலை மழைக்கோட்டை எடுக்கலாமென்று ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். அடியில் நீங்கள் கொடுத்த சிவப்புத் துணி கிடந்தது. பெட்ரோல் வாடையும் நனைந்து சரியாகக் காயாத துணியின் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. வெயிலில் வெளிறி, ஒரு ஓரம் நார் நாராகக் கிழிந்த கொடி. "புதுசு வந்துகீது தங்கச்சி. இது இனிமே ஆவாது. வண்டி தொடைக்க வச்சிக்கோ" என்று நீட்டினீர்கள். ஒரு நாளும் அதை வைத்து நான் வண்டியைத் துடைத்ததில்லை. ஒரு காலத்தில் ஊரையே நிறுத்தி வைத்த துணியால் சேற்றைத் துடைக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் தெரியுமா? நம் பூங்காவில். ஆமாம், அதே பூங்காதான். காவலாளி புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். ஈரப் புல்வாசனை மூக்கில் ஏறுகிறது. எல்லாருக்கும் பிடிக்கும் வாசனைதான். எனக்கு மட்டும் பிடிப்பதில்லை.

குன்றின் மேல் சிவப்புக் கொடி ஏறியிருக்கிறது. குன்றுக்கு அப்பால் படையினர் சுட்டுப் பழகும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. கொடி இறங்கினால்தான் குன்றடி நிலத்துக்குள் நான் போக முடியும். காத்திருக்கிறேன். இன்றைக்கு இறங்கினால் அந்தக் கொடி இனி ஏறாது அண்ணே. நீங்கள் ரேஞ்சு என்று சொல்லும் பயிற்சித் திடலை வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள். இன்றுதான் கடைசி.

நாம் முதன்முதலில் சண்டை போட்டதும் இந்தக் கொடியால்தான். ஒரு மனைப்பிரிவுக் கோப்போடு செங்கல்பட்டு நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து வந்தேன். திடலுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் திடல் அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். அங்கே நிலம் பார்க்கிற ஓவர்சீயர் நீங்கள் என்று சொல்லியிருந்தார்கள். உங்களைத் தேடாமல் நேராக நிலத்தையே பார்த்துவிடலாமென்று வரப்பில் வண்டியை இறக்கினேன். பின்னாலிருந்து ஜீப்பில் வந்து குறுக்கே நிறுத்தினீர்கள்.

"ஏம்மா, கொடி கீது. கண்ணு தெரியல?"

"நான் திட்ட அலுவலகம் சார். ஆய்வுக்கு வந்திருக்கேன்."

"குண்டுக்கு அதெல்லாம் தெரியுமா? அது ஆபீஸ் கேட்டு வராது. திருப்பு வண்டிய."

என்னை அப்படி யாரும் அதட்டியதில்லை. திருப்பினேன். அன்று முழுக்க உங்களை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். சாயங்காலம் கொடி இறங்கியதும், திருக்கழுக்குன்றம் சாலை டீக்கடையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை நீங்களே வந்து கூப்பிட்டீர்கள். "வா, இப்ப காட்றேன் உன் நிலத்த. கோச்சிகினியா?" என்றீர்கள். அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற ஆளா நீங்கள்.

அன்று பார்த்ததுதான் பெரிய கல்வட்டம். முள்ளுக்கு நடுவே, ஆள் இடுப்பு உயரத்துக்குப் பாறைகள் வட்டமாக நின்றன. உள்ளே மண்மேடு. நீங்கள் ஒரு கல்லின் மேல் கால் தூக்கி வைத்துக்கொண்டு, "எவனோ வேல இல்லாதவன் அடுக்கி வச்சிக்கிறான்" என்றீர்கள். நான் உங்கள் காலைத் தட்டிவிட்டேன். நான் இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் என்பதும், இதைப் பாண்டவர் குழி என்று சொல்வோம் என்பதும், எங்கள் அப்பாவோ அவர் அப்பாவோ இதற்குள் ஏர் ஓட்டியதில்லை என்பதும் உங்களுக்கு அப்போதுதான் தெரியும். கல்லுக்குக் கீழே செத்தவர்கள் இருக்கிறார்கள், இரும்பு முதன்முதலாக ஊருக்கு வந்த காலத்து மனிதர்கள், அடியில் குட்டிக் கால்கள் உள்ள சுடுமண் பேழைக்குள் எலும்பை வைத்துப் புதைத்திருப்பார்கள் என்று படித்ததையும் சொன்னேன்.

நீங்கள் காலணியைக் கழற்றினீர்கள். அதுதான் எனக்கு உங்களைப் பிடித்துப்போன நேரம். "எங்க கோவளத்துல செத்தவங்கள மாதா கோயில் பின்னாடி வைப்போம். கடல் சத்தம் கேட்டுகினு இருப்பாங்க. பாவம் இவங்க, ரேஞ்சுகிட்ட மாட்டிகினு தெனம் டுமீல் டுமீல்னு கேக்கறாங்க" என்றீர்கள். சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் அந்தக் கல்லெல்லாம் அத்தனை நாள் இருந்ததே அந்த டுமீல் சத்தத்தால்தான். கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே வரவர, தோப்பு, ஏரிக்கரை, மேய்ச்சல் நிலம் எல்லாம் மனையாகிவிட்டன. வண்ணக் கொடிகளும் வரவேற்பு வளைவுகளும்தான் எங்கு பார்த்தாலும். இங்கே மட்டும் ஒரு செங்கல் விழவில்லை. பட்டா நிலம்தான்; ஆனால் வீடு கட்டக் கூடாது. ஊரில் அதற்குக் கொடி எல்லை என்று பேர். சுடாத நாளில் மாடு மேய்க்கலாம், வேர்க்கடலை போடலாம். காணும் பொங்கலன்று கொடி ஏற்றுவதில்லை என்று திடலுக்கும் ஊருக்கும் வெகுகாலமாக ஒரு பேச்சு. அன்று எங்கள் ஆட்கள் வந்து, கல்லுக்கு மஞ்சள் தடவி, வாழையிலைத் துண்டில் ஒரு பிடி பொங்கல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். நாம் பழகிய பிறகு அன்று லீவு போட்டுவிட்டு நீங்களும் வந்து நிற்பீர்கள். என் சித்தி உங்களுக்கென்று தனியாக ஒரு தூக்குவாளியில் பொங்கல் கொண்டுவருவாள்.

அப்புறம் திடலில் குண்டைத் தடுக்கும் மண்கரையை உயர்த்திக் கட்டினார்கள். ஆபத்து எல்லை சுருங்கியது. பெரிய வட்டம் இருந்த நிலம் எல்லைக்கு வெளியே வந்துவிட்டது. குன்றடியில் இருக்கிற சின்ன வட்டம் மட்டும் உள்ளே தங்கியது. எல்லையை மாற்றி எழுதிய மை காய்வதற்குள் மனை விண்ணப்பம் என் மேசைக்கு வந்துவிட்டது.

நாம் அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது. பழஞ்சின்னங்களைப் பார்க்கிற தொல்லியல் துறைக்காரர்களுக்கு எழுதினோம். வந்தார்கள், பொறுமையாகப் படமெடுத்தார்கள், நல்ல இடம் என்றார்கள். பாதுகாக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் ஏற நாளாகும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வழி அப்படி. மனை விண்ணப்பத்துக்கோ கெடு இருக்கிறது. பட்டியலில் இல்லாத கல்லுக்காக ஒருவர் பட்டா நிலத்தை நிறுத்தி வைக்க எந்த விதியும் இல்லை.

அதே டீக்கடையில்தான் உங்களுக்கு யோசனை வந்தது. டம்ளரை டொக்கென்று வைத்தீர்கள்.

"மன போட்டா கொஞ்சம் எடம் பூங்காவுக்கு வுடணும்ல?"

"ஆமா. சட்டம்."

"அப்ப வட்டத்த அப்டியே பூங்கான்னு போட்டுடு தங்கச்சி. பூங்காவுல எவன் வூடு கட்டுவான்?"

உங்களைக் கட்டிப்பிடிக்காத குறை. இரண்டு பேரும் உட்கார்ந்து மனை வரைபடத்தில் பூங்காவின் எல்லையைத் திருத்தினோம். வட்டத்தைச் சுற்றி நான் பூங்காவுக்குரிய பச்சை வண்ணம் பூசினேன். மனைக்காரரும் மறுக்கவில்லை; எங்கேயாவது விட வேண்டிய இடம்தானே. அன்று கோவளத்தில் உங்கள் வீட்டில் எனக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டார்கள் அண்ணி. ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டவர்கள்போல் அன்று பேசிக்கொண்டிருந்தோம்.

வீடு, வீடு என்று வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தோம் அண்ணே. பூங்கா என்றால் என்ன என்று நாம் இருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. பூங்கா இடத்தைச் சும்மா ஒப்படைக்க முடியாது. சமப்படுத்த வேண்டும், சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும், நடைபாதை போட வேண்டும், புல் வளர்க்க வேண்டும், சறுக்குமரம் வைக்க வேண்டும். எல்லா அனுமதியிலும் வழக்கமாக வருகிற நிபந்தனை அது. எங்கள் அலுவலகத்தில் அதை யாரும் படிப்பதுகூட இல்லை, கை தானாக ஒட்டிவிடும். மண்ணைத் தொடக் கூடாத ஓரிடத்துக்கு, மண்ணைத் தொட்டே ஆக வேண்டும் என்று சட்டப்படி உத்தரவு போட்டுவிட்டோம். இப்படி ஒரு காரியத்தைத் திட்டம் போடுகிறவர்களால் மட்டும்தான் செய்ய முடியும்.

வேலை முடிந்தது பார்க்க வாருங்கள் என்று மனைக்காரரின் இன்ஜினியர் போன் செய்தார். நீங்களும் வந்தீர்கள். பாவம், அந்தப் பிள்ளைக்கு முகமெல்லாம் பெருமை.

"எல்லா கல்லும் இருக்கு மேடம். ஒண்ணுகூட உடையல. கிரேன் வச்சுத் தூக்கி, கீழ லெவல் பண்ணிட்டு, திரும்ப நீட்டா வச்சுட்டோம். முன்ன கோணல்மாணலா இருந்துச்சு, இப்போ கரெக்ட் வட்டம். பாசி போக வாட்டர் வாஷ் பண்ணிட்டோம்."

கற்கள் பளபளவென்று இருந்தன. நடுவில் புல். புல்லுக்கு நடுவில் சிமெண்டில் ஒரு நீரூற்று. வாசலில் 'பாரம்பரியப் பூங்கா' என்று பலகை. நான் அந்தப் பலகையை இன்னொரு முறை படித்தேன். நீங்கள்தான் கேட்டீர்கள்.

"உள்ள இருந்த மண்ணு?"

"அது ரோட்டுக்கு ஃபில்லிங் போயிடுச்சு சார். வேஸ்ட் பண்ணல."

நீங்கள் வெளியே போனீர்கள். புதுத் தார்ச்சாலையின் ஓரம், இன்னும் தார் போடாத இடத்தில் குனிந்து எதையோ எடுத்தீர்கள். சுடுமண் பேழையின் கால் ஒன்று, கட்டை விரல் பருமன். கையில் வைத்துக்கொண்டு, "நாம இப்ப யார் மேல நின்னுகினு கீறோம்னே தெரில தங்கச்சி" என்றீர்கள். திரும்பும் வழியில் வெயிலைப் பற்றி மட்டும் பேசினோம். யார் யோசனை, யார் கையெழுத்து என்று ஆரம்பித்தால் முடியாது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த காணும் பொங்கலுக்கு ஊர் ஆட்கள் வந்தார்கள். காவலாளி வழி விட்டார், அவர்மேல் தப்பில்லை. குடியேறியவர்கள் மாடியிலிருந்து செல்போனில் படம் எடுத்தார்கள். சித்தி இலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வட்டத்தை ஒரு சுற்று வந்தாள். ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாடி இது? கல்லு கீது. ஆளுங்க எங்க?" என்று என்னைக் கேட்டாள்.

நான் சாலையைக் காட்டினேன். வேறென்ன செய்ய. அவள் நம்பாமல் உங்களைப் பார்த்தாள். நீங்கள் தலையாட்டினீர்கள். சித்தி வெளியே வந்து, தார்ச்சாலையின் நடுவில் இலையை வைத்து, பொங்கலை வைத்து, கை கூப்பினாள். மற்றவர்களும் வரிசையாக வைத்தார்கள். ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. நீங்கள் போய் அதன் முன்னால் நின்றீர்கள். எல்லாரும் வைத்து முடிக்கும் வரை அசையவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு கார் போகத்தானே வேண்டும். அது இலைகளின் மேல் ஏறிப் போனதை நாம் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகு நீங்கள் பழையபடி இல்லை. வாய் ஓயாமல் கிண்டல் செய்கிறவர் பேச்சைக் குறைத்துக்கொண்டீர்கள். ஓய்வு பெற்றீர்கள். நுரையீரல் என்றார்கள், கூடவே இன்னும் ஏதேதோ சொன்னார்கள். கடைசியாகக் கோவளத்துக்கு வந்து பார்த்தபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். ஜன்னல் வழியே படகு இழுக்கும் சத்தம். நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

"சின்னது உள்ள கீது இல்ல? கொடிக்குள்ள?"

"இருக்குண்ணே."

"கொடி கீற வரைக்கும் கவல இல்ல. கொடி போச்சின்னா..." என்றீர்கள். இருமல் வந்துவிட்டது. முடிக்கவில்லை. இருமல் அடங்கியதும், "பூங்கா மட்டும் போட்டுடாத" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. மழைக்காலத்தில் உங்களை மாதா கோயிலுக்குப் பின்னால் வைத்தார்கள். கடல் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

கொடி போகிறது அண்ணே. குன்றடி நிலத்துக்கும் விண்ணப்பம் வந்துவிட்டது. சின்ன வட்டம் சரியாக மனைகளுக்கு நடுவில் இருக்கிறது. பட்டியலில் சேர்க்கக் கேட்டு எழுதியது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. என் மேலதிகாரி நல்ல மனிதர். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஏம்மா இவ்வளவு யோசனை? போன தடவை மாதிரியே பூங்காவா போட்டுடுங்க. அது எவ்வளவு அழகா இருக்கு!" என்றார். நம் பூங்காவின் படத்தைப் பயிற்சி வகுப்புகளில் போட்டுக் காட்டுகிறார்கள் அண்ணே. பழஞ்சின்னத்தை எப்படிக் காப்பாற்றலாம் என்பதற்கு முன்மாதிரியாக. அந்தப் படம் திரையில் வந்தபோது ஒரு முறை நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இந்தத் தடவை வரைபடத்தில் வட்டத்தைச் சுற்றிச் சிவப்பில் கோடு போட்டேன். பச்சையைத் தொடவில்லை. சமப்படுத்தக் கூடாது, தூக்கக் கூடாது, கழுவக் கூடாது, வேலி போடக் கூடாது, புல் நடக் கூடாது என்று எழுதினேன். கோப்பு திரும்பி வந்தது. இந்த இடத்தை எந்த வகையில் காட்டுவது, மனையா, சாலையா, பூங்காவா என்று கேட்டு ஒரு குறிப்பு. ஒன்றும் செய்யக் கூடாத இடம் என்று ஒரு வகை எங்கள் விதிகளில் இல்லை. திடலின் புது நில அதிகாரியிடமும் போய் நின்றேன். அந்த வட்டத்தை மட்டுமாவது உங்கள் எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். சுடாத இடத்துக்கு எதற்கு எல்லை என்றார். கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

விட்டுவிட்டுக் கேட்ட வெடிச் சத்தம் நின்றிருக்கிறது. மேலே பார்க்கிறேன். கொடி இறங்குகிறது.

மேலே உள்ளது காலையில் எழுதியது. மீதியை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். நகக்கண்ணில் இன்னும் மண் இருக்கிறது, தாளில் கறை பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடி இறங்கியதும் வரப்பில் வண்டியை ஓட்டிக்கொண்டு குன்றடிக்குப் போனேன். சின்ன வட்டத்தில் பாசி அப்படியே இருந்தது. போன பொங்கலுக்குச் சித்தி தடவிய மஞ்சள் ஒரு கல்லில் இன்னும் ஒட்டியிருந்தது. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அளவு காட்டும் மரமுளைகள் அடித்திருந்தார்கள். அனுமதி வரவில்லை, சாலை வருகிற வழியை மட்டும் பார்த்துவைக்கிறார்களாம். ஓரத்தில் ஒரு பொக்லைன் நின்றது. முள்ளைச் சுத்தம் செய்யத்தான் வந்திருக்கிறது என்றார்கள். முள்ளைச் சுத்தம் செய்கிற வண்டி எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று எனக்குத் தெரியாதா?

தடுத்து நிறுத்த என் கையில் ஒரு காகிதமும் இல்லை. எழுதி, மேலே போய், கீழே வருவதற்குள் மண் லாரியில் ஏறிவிடும்.

நான் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். அரசு வேலையில் இருக்கிற பெண் செய்யக் கூடாத காரியம் என்று தெரிந்துதான் செய்தேன். உங்கள் கொடியை எடுத்து, வட்டத்துக்கு முன்னால் தலையில்லாமல் நிற்கிற பனையில் கைக்கு எட்டிய உயரத்தில் சுற்றிக் கட்டினேன். கிழிந்த ஓரம் காற்றில் படபடத்தது.

பொக்லைன் கிளம்பி வந்தது. ஓட்டுகிறவர் பாதி வழியில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். வெளியூர்க்காரர் இல்லை, நம் பக்கத்து ஆள்தான்.

"இன்னா மேடம், இன்னிக்கோட முடிஞ்சிப்போச்சின்னாங்க? இன்னும் சுடறாங்களா?"

சுடுகிறார்கள் என்று சொன்னால் பொய். சுடவில்லை என்று சொன்னால் அவர் வந்துவிடுவார். எனக்கு வாயில் என்ன வந்தது தெரியுமா அண்ணே? உங்கள் வார்த்தைதான் வந்தது. உங்கள் குரலில், உங்கள் அதட்டலோடு.

"ஏம்பா, கொடி கீது. கண்ணு தெரியல?"

அவர் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

இது எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. நாளைக்கே யாராவது திடலில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். வரட்டும். அவர் பின்வாங்கிய பிறகு நான் முளைகளைப் பிடுங்கினேன், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொன்றாக. பிடுங்கிய குழிகளைக் கையாலேயே மண் போட்டு மூடினேன். அதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டேன்.